நூற்றுப் பன்னிரண்டு மில்லி நொடி

ஜூன் 9, திங்கள்

டிப்போ அறிவிப்புப் பலகையில் இன்று பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டத் தகுதியில்லாதவர்கள் என்று பதினொரு பேர். கடைசிப் பெயர் சென்னியப்பன். என் வீட்டுக்காரர். பெயருக்கு எதிரே 684 என்று ஓர் எண். கீழே கையெழுத்து: டாக்டர் மைத்ரேயி, உளவியல் துறைத் தலைவர்.

அந்தத் துறையின் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக டெக்னீசியனாக இருப்பவள் நான். அந்த எண்ணை எடுத்த கணினிக்கு வயர் மாட்டியதும் நான்தான்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் கிடையாது. எந்தக் கருவி எப்போது பழுதானது என்று ஆய்வகப் பதிவேடு எழுதிப் பழகிய கை. அதே மாதிரி நோட்டு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. இனி இதில் எழுதுவேன். ஒன்றும் விட்டுப்போகாமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் தேதி வேண்டும்.

இவர் மதியம் ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாராம். நான் சாயங்காலம் வந்தபோது சாப்பாட்டுத் தூக்குப்போசி திறக்காமல் மேசைமேல் இருந்தது.

"சிவப்பு வந்தா அமுக்கோணும், பச்சை வந்தா உட்டுறோணும்னாங்க. அப்படித்தான் அமுக்குனேன்" என்றார். "பத்தலயாமா."

இருபத்து நான்கு வருடம் ஓட்டியிருக்கிறார். ஒரு குழந்தைக்குக் கீறல் விழுந்ததில்லை.

மே 24 அன்று நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். மார்ச்சில், பள்ளிகளுக்கு வண்டி விடும் இவருடைய கம்பெனியின் பேருந்து ஒன்று பள்ளிச் சுவரில் இடித்தது. நாற்பத்தைந்து வயது தாண்டிய டிரைவர்களுக்கெல்லாம் எதிர்வினை வேகம் பார்க்க வேண்டும் என்று எங்கள் கல்லூரியைக் கேட்டார்கள். திரையில் நிறம் வந்ததிலிருந்து கை பொத்தானை அமுக்கும்வரை எவ்வளவு நேரம் என்று ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் அளப்பது. 480க்கு மேல் போனால் தகுதியில்லை. அந்த 480 எங்கள் ஆய்வகத்தின் பழைய மானிட்டரிலும் வயர் கீபோர்டிலும் ஆறு வருடம் அளந்து வந்த எல்லை. ஆனால் டிப்போவுக்கு மைத்ரேயி மேடம் அவற்றைக் கொண்டுபோகவில்லை. கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள் என்று கருத்தரங்கு அறையின் பெரிய டிவியையும் வயர்லெஸ் கீபோர்டையும் ஏற்றச் சொன்னார்.

"மேடம், டிவியில படம் கொஞ்சம் லேட்டா வருங்க. கீபோர்டும் லேட்டு" என்றேன்.

"மனுசக் கண்ணுக்கே தெரியாத லேட்டு. விடு கோகிலா" என்றார்.

விட்டேன். பிளக்கை மாட்டினேன். என் வீட்டுக்காரர் முறை வந்தபோது, பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று வெளியே போய் டீ குடித்தேன்.

ஜூன் 11, புதன்

மேடம் அறைக்கு புரொஜெக்டர் துடைக்கப் போனேன். அவராகவே பேச்சை எடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேரைப் பார்த்தேன். கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா நம்பர் நம்பர்தான், இல்லையா? வேற ஏதாவது வேலை பாக்கச் சொல்லு. வாட்ச்மேன் மாதிரி."

புரொஜெக்டரைத் துடைத்துவிட்டு வந்தேன். லென்ஸில் ஒரு தூசி இல்லை.

ஜூன் 14, சனி

பால் பொங்கித் தீய்ந்துவிட்டது. தெருவிலிருந்து வரும்போதே எனக்கு நாறியது. அவர் அடுப்பிலிருந்து நாலு எட்டு தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வாசம் வரலீங்களா?"

"இல்லியே."

வேலை போன மனுசன், நினைப்பு எங்கேயோ. ஜன்னல் வேறு திறந்திருந்தது. பாத்திரம் தேய்க்க ஒரு மணி நேரம் ஆனது.

ஜூன் 16, திங்கள்

கம்பெனிக்காரர்கள் வந்து மேடத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். படம் எடுத்தது நான்.

ஜூன் 20, வெள்ளி

டிவி லேட் என்று வாயால் சொன்னால் விடு என்பார்கள். அளந்து காட்டினால் விட முடியாது.

ஒரு விரல் செய்யப்போகிறேன். திரையில் ஒட்டி வைக்க ஒரு லைட் சென்சார். கீபோர்டின் மேல் நிற்க ஒரு சொலினாய்டு. மின்சாரம் பாய்ந்ததும் டக்கென்று கீழே தட்டும் சின்ன இரும்புத் தண்டு, அவ்வளவுதான். சிவப்பு வெளிச்சம் சென்சாரில் பட்டதும் தண்டு தட்டும். அதற்குக் கண்ணும் இல்லை, யோசனையும் இல்லை, வயசும் இல்லை. அப்படித் தட்டியும் கணினி எவ்வளவு நேரம் காட்டுகிறதோ, அது முழுக்க இயந்திரத்தின் தாமதம்.

காந்திபுரத்துக் கடையில் சொலினாய்டு கிடைத்தது. எதற்கு என்று கேட்ட கடைக்காரரிடம் கதவுப் பூட்டுக்கு என்றேன்.

ஜூன் 23, திங்கள்

துறையில் எல்லோரும் ஒரு பிரிவுபசார விருந்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

முதலில் பழைய மானிட்டர், வயர் கீபோர்டு. விரல் ஐந்நூறு முறை தட்டியது. சராசரி 14.

அடுத்து பெரிய டிவி, வயர்லெஸ் கீபோர்டு. அதே விரல், அதே மென்பொருள். ஐந்நூறு முறை. சராசரி 126.

வித்தியாசம் 112.

மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். 112தான். டிப்போவில் அன்று உட்கார்ந்த ஒவ்வொரு டிரைவர் தலையிலும் இந்த நூற்றுப் பன்னிரண்டு ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஆளில்லாத ஆய்வகத்தில் நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே பிடித்திருந்தது.

ஜூலை 2, புதன்

டிப்போ தரவின் நகல் என்னிடம்தான் இருக்கிறது. எல்லா நகலையும் வைப்பதுதானே என் வேலை. ஒவ்வொருவருக்கும் 112ஐக் கழித்தேன். மாசிலாமணி 531, கழித்தால் 419. பத்தாவது பெயர்க்காரர் 570, 458. பத்துப் பேரும் தேறுகிறார்கள்.

இவருடையதை இன்னும் கழிக்கவில்லை. பால் வாங்கப் போக வேண்டியிருந்தது.

ஜூலை 3, வியாழன்

கம்பெனிக்கு ஒரு மனு எழுதி இவரிடம் கையெழுத்து வாங்கினேன். 'செ'யில் ஆரம்பித்து எழுத்து போகப்போக எறும்பு மாதிரி சிறுத்துவிட்டது. பேனா சரியில்லை. வேறு பேனா கொடுத்தேன். அதுவும் சரியில்லை.

ஜூலை 7, திங்கள்

மார்க்கெட்டில் மாசிலாமணியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் அவரும் ஒரே டிப்போவில் பதினெட்டு வருடம். இப்போது தக்காளிப் பெட்டி இறக்குகிறார். சட்டை தோளில் கிழிந்து தோல் உரிந்திருந்தது.

"ஏனுங்க்கா, அண்ணன் எப்படி இருக்கறாரு?"

"இருக்கறாருங்க. உங்களுக்கு?"

"பழகிக்குமுங்க. வண்டியில உக்காந்தே இருந்த ஒடம்பு பாருங்க." தோளைத் தொட்டுக்கொண்டு சிரித்தார்.

இன்றைக்கே மேடத்திடம் போய் 112 என்று சொல்லலாம். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். திருத்திய பட்டியல் சத்தமில்லாமல் போகும். 'மறு ஆய்வில்' என்று ஒரு சொல் போட்டுக்கொள்வார். சால்வை அவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். இவர் பெயர் பலகையில் ஊரே பார்க்கத் தொங்கியதற்கு யார் பதில் சொல்வது?

24ஆம் தேதி கருத்தரங்கு. வெளி மாநிலப் பேராசிரியர்கள் வருகிறார்கள். கம்பெனி முதலாளி வருகிறார். டிப்போ ஆய்வை மேடம் மேடையில் அதே டிவி வைத்துச் செய்து காட்டப்போகிறார். மேடையில் வயர் மாட்டுவது நான்.

பதினேழு நாள்தானே.

ஜூலை 12, சனி

ஈரோட்டு ஹாஸ்டலிலிருந்து மகள் யாழினி வந்தாள். அப்பாவும் மகளும் கடைக்குப் போய்த் திரும்பினார்கள். அவள் நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"ஏம்மா, அப்பா வலது கைய வீசாமயே நடக்கறாரு?"

"தோள்பட்டை வலி. ஸ்டியரிங் புடிச்ச கை."

"வண்டியத் தொட்டு ஒரு மாசம் ஆச்சேம்மா."

"சட்னிக்குத் தேங்கா துருவு போ" என்றேன்.

சட்டைப் பொத்தான் போட அவருக்கு இப்போது கொஞ்ச நேரம் பிடிக்கிறது. புதுச் சட்டை, ஓட்டை சின்னது.

ஜூலை 18, வெள்ளி

மார்க்கெட்டில் பெட்டி சரிந்து மாசிலாமணியின் வலது காலில் விழுந்துவிட்டது. இரண்டு விரல் முறிவு. இவரைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ருக்மணி காப்பி கொடுத்தாள்.

"வண்டி ஓட்டறவருக்குப் பொட்டி தூக்கத் தெரியுமாங்க்கா? நானும் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"கொஞ்ச நாள்தாம்மா. எல்லாம் சரியாப் போயிரும்" என்றேன்.

"நீங்க சொல்றபடியே ஆகட்டுமுங்க்கா" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 19, சனி

இன்னும் ஐந்து நாள்.

ஜூலை 24, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு மேடம் மேடை ஏறினார். 'பாதுகாப்பான ஓட்டுநரைக் கண்டறிதல்' என்று தலைப்பு. முன் வரிசையில் கம்பெனி முதலாளி, பக்கத்தில் எங்கள் கல்லூரி முதல்வர். மாணவன் ஒருவனை உட்காரவைத்துச் செய்து காட்டினார். அவனுக்கு 391 வந்தது. கை தட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

நான் மைக் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். "எனக்கு ஒரு கேள்வி இருக்குதுங்க மேடம்" என்றேன்.

மைக் கோளாறு என்று நினைத்தார் போல. "என்ன, சவுண்ட் பிரச்சனையா?"

"இல்லீங்க. கேள்வி."

பையிலிருந்து விரலை எடுத்தேன். சென்சாரை டிவியில் ஒட்டினேன். தண்டை ஸ்பேஸ் பார்மேல் நிறுத்தினேன். இதெல்லாம் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் அத்தனை முறை பழகியிருந்தேன். முதல்வர் எழுந்திருக்கப் பார்த்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர் கையைக் காட்டி, "இருக்கட்டும், பார்ப்போம்" என்றார்.

"இதுக்குக் கண்ணு, மூளை ஒண்ணும் இல்லீங்க. வெளிச்சம் பட்ட அந்த நிமிசமே தட்டும்" என்றேன்.

ஓட்டினேன். தண்டு தட்டியது. திரையில் 124. அடுத்தது 129. அடுத்தது 126. அதையே கழற்றி, நான் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்த பழைய மானிட்டரில் மாட்டினேன். 13. 15. 14.

"இந்த நூத்திப் பன்னண்டு டிரைவருங்களோடது இல்லீங்க மேடம். டிவியோடதும் கீபோர்டோடதும். உங்க 480 இந்தப் பழைய மானிட்டர்ல எடுத்தது. பதினொரு பேர வீட்டுக்கு அனுப்புனது அந்த டிவியில எடுத்தது."

முதலில் புரிந்துகொண்டவர் பெங்களூர்க்காரர். மேடத்தைப் பார்த்து, கருவியின் தாமதத்தை டிப்போவுக்குப் போகும்முன் அளந்தீர்களா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். மேடம் டிவியைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கேட்டார். "இல்லை" என்றார் மேடம். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. கம்பெனி முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அந்த 'இல்லை'க்காக ஒன்றரை மாதம் காத்திருந்தேன். நன்றாக இருந்தது. பொய் எழுத மாட்டேன். மிகவும் நன்றாக இருந்தது.

சாயங்காலம் மேடம் ஆய்வகத்துக்கு வந்தார். கதவைச் சாத்தவில்லை. நின்றபடியே பேசினார்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"ஜூன் இருபத்தி மூணுங்க."

"ஒரு மாசம். ஏன் அன்னைக்கே சொல்லல?"

"மே மாசமே சொன்னனுங்க."

"ஒரு தடவை சொன்ன. நான் கேக்கல. அது என் தப்பு, அதுக்கு நான் பதில் சொல்றேன். உனக்கு உறுதியாத் தெரிஞ்சப்புறம் ஒரு மாசம் அந்தப் பத்து பேரும் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"பத்துப் பேருக்குக் கழிச்சு எழுதி முதல்வர்கிட்ட குடுத்திருக்க. பார்த்தேன். பதினோராவது ஆளுக்குக் கழிச்சியா கோகிலா?"

வயரைச் சுருட்டி முடித்து, பெட்டியில் வைத்து, பூட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் போயிருந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

மேடம் துறைத் தலைவர் பதவியிலிருந்து விலக வேண்டும், விசாரணைக் குழு அமைக்கப்படும் என்று முதல்வர் அலுவலகத்தில் சுற்றறிக்கை. டிப்போவில் பட்டியலைக் கிழித்துவிட்டார்கள். பதினொரு பேருக்கும் ஆகஸ்ட் 8 அன்று சரியான கருவியில் மறுசோதனை. நடத்தப்போவது நான். மாசிலாமணி போனில் அழுதார்.

வீட்டில் சொன்னேன். இவர், "அப்படியா" என்றார். காக்கிச் சட்டையை எடுத்து இஸ்திரி போடக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜூலை 2 அன்று எழுதியது பொய். பால் வாங்கப் போகும்முன்பே கழித்துவிட்டேன். 684இல் 112 போனால் 572. தேறவில்லை.

ஒவ்வொரு தட்டலாகவும் பார்த்தேன். தவறு ஒன்றுகூட இல்லை. பச்சைக்கு ஒரு முறையும் அமுக்கவில்லை. சிவப்பைப் பார்க்கிறார், சரியாக அமுக்குகிறார், ஆனால் கை வந்து சேர்வதற்கு நேரமாகிறது. இதை ஒரு மாதமாகத் தெரிந்துகொண்டே பேனா சரியில்லை, ஓட்டை சின்னது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுசோதனைக்கான மென்பொருளில் இன்று ஒரு வரி சேர்த்தேன். பதினோராவது ஆளுக்கு மட்டும் நூறு கழி. 472 வரும். முந்நூற்றுச் சொச்சம் வரிகளில் ஒரு வரி. இந்தக் கல்லூரியில் அதைத் தேடிப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் நான். தப்பு அவர்கள் செய்தது, ஈடும் அவர்களே கொடுக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாயங்காலம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். வீட்டில் அவருக்கு நான் வாணி.

"வாணி, ஒண்ணு சொல்லோணும். கோவப்படாத."

"சொல்லுங்க."

"ஏப்ரல் மாசம், ரெயில்வே கேட்டு பக்கத்துல ஒரு புள்ள சைக்கிளோட குறுக்க வந்துருச்சு. பார்த்துட்டேன். நல்லாப் பார்த்துட்டேன். பிரேக்க மிதிக்கோணும்னு தெரியுது. காலு போகல. போகறதுக்குள்ள அது தாண்டிப் போயிருச்சு. வண்டி நெறைய கொழந்தைங்க பாட்டுப் பாடிட்டு இருந்துச்சு. ஒருத்தருக்கும் தெரியாது."

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"அதுக்கப்பறம் தெனமும் பயந்துட்டேதான் ஓட்டுனேன். நானாப் போயி முடியலைன்னு சொல்ல வாய் வரல. பலகையில என்ற பேரப் பார்த்தப்ப எனக்குக் கோவமே வரல வாணி. அப்பாடான்னு இருந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எனக்காகத்தான சண்டைக்கு எறங்கியிருந்த. எப்படிச் சொல்றது?"

எங்கள் இருவரையும் எனக்கு அடிக்க வேண்டும்போல இருந்தது. துணியை மடித்தேன். காக்கிச் சட்டையும் அதில் இருந்தது, அதையும் மடித்தேன்.

"நாளைக்கு நான் வரல. மத்தவங்களுக்கு வெச்சுரு" என்றார்.

"வாங்க. கம்பெனிக்கு இல்லை. நமக்கு நம்பர் வேணும்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை ஆறு மணிக்கே ஆய்வகம் போய் அந்த வரியை அழித்தேன்.

பத்துப் பேரும் தேறினார்கள். மாசிலாமணி காலில் கட்டோடு வந்து உட்கார்ந்து 411 வாங்கினார். கம்பெனி மேனேஜர் கை கொடுத்தார். கால் எலும்பு கூடி, டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்ததும் வேலைக்கு வரலாம் என்றார். அதற்கு இன்னும் ஆறு வாரம் ஆகுமாம்.

கடைசியாக இவர். இந்த முறை நான் வெளியே போகவில்லை. வலது கை 586. மேனேஜர் எழுதிக்கொண்டார். எல்லோரும் போன பிறகு, "இடது கையில ஒரு தடவை பண்ணுங்க" என்றேன். எதற்கு என்று கேட்காமல் செய்தார். 421.

ஆகஸ்ட் 13, புதன்

அந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஐந்து நாள் சுற்றினேன். இதை எனக்குப் படித்துச் சொல்லக்கூடியவர் இந்தக் கல்லூரியில் ஒருவர்தான்.

மேடத்தை மாடிப்படிக்குப் பக்கத்துச் சின்ன அறைக்கு மாற்றிவிட்டார்கள். புத்தகம் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. நான் தாளை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"உக்காரு."

உட்காரவில்லை. அவர் ஒவ்வொரு வரியாக, பென்சிலை நகர்த்திக்கொண்டே பார்த்தார்.

"பார்க்கறதுல லேட் இல்ல. முடிவு எடுக்கறதுல லேட் இல்ல. அதுல கோளாறுன்னா ரெண்டு கைக்கும் லேட்டா வரும். வலது பக்கம் மட்டும் அசைவு ஆரம்பிக்கறதுக்கு நேரமாகுது." பென்சிலைக் கீழே வைத்தார். "அவருக்கு வாசனை தெரியுதா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"கையெழுத்து?"

"சின்னதாகுதுங்க."

ஒரு நரம்பியல் டாக்டர் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். "நான் சொல்றது முடிவு இல்ல. அவர் பார்க்கட்டும். தள்ளிப் போடாத. இதுக்கு மருந்து இருக்கு" என்றார்.

ஏளனமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. வெறுக்க ஓர் இடமும் விடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை. வாட்ச்மேன் வேலை பார்க்கச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் மே 24 அன்று நான் டீ குடிக்கப் போகாமல் என் வீட்டுக்காரர் கையைப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பார்க்கின்சன்ஸ் என்று சொன்னார் டாக்டர். ஆரம்பக் கட்டம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். என் எண்களை நீட்டினேன், பார்த்துவிட்டு, "யார் எடுத்தது? சுத்தமா எடுத்திருக்காங்க" என்றார். மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை. வண்டி ஓட்டக் கூடாது.

வரும் வழியில் இவர் இளநீர் குடிக்கலாம் என்றார். குடித்தோம். "உங்கிட்ட சொன்னதும் நல்லதாப் போச்சு" என்றார். யாழினிக்கு அவரே போன் செய்து, மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

ஆகஸ்ட் 20, புதன்

விசாரணைக் குழு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டது. மேடம் செய்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். வேறு ஏதாவது உண்டா என்றார்கள்.

ஜூன் 23 அன்றே எனக்குத் தெரியும், கருத்தரங்குக்காகச் சொல்லாமல் வைத்திருந்தேன், அந்த இடைவெளியில் ஒருவருக்குக் கால் முறிந்தது என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, இது பதிவாக வேண்டுமா என்று கேட்டார். ஆகட்டும் என்றேன். எனக்கும் மெமோ வரும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காகிதத்தில் வந்து தெரியும்முன் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். அவர் கட்டு மாற்ற ஆஸ்பத்திரி போயிருந்தார். ருக்மணி மட்டும் இருந்தாள். பாயைப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்களாலதாங்க்கா எங்க வீட்ல மறுபடி அடுப்பெரியப் போகுது. தெனமும் உங்களத்தான் சொல்லிட்டு இருப்பாரு" என்றாள்.

சொன்னேன். தேதிகளோடு சொன்னேன். அவள் முதலில் புரியாதவள் போலக் கேட்டாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள்.

"அன்னைக்கு அவரு காலப் பார்க்க வந்தீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எல்லாம் சரியாப் போயிரும்னீங்க. நான் உங்க கையப் புடிச்சனே."

"ஆமா."

"ஏனுங்க்கா சொல்லல?"

"அந்தம்மாவ எல்லாரு முன்னாடியும் நிறுத்தோணும்னு இருந்தேன்."

அவள் கத்தவில்லை. "அவருக்கு ரெண்டாவது வெரலு மடங்காதாமா. டாக்டர் சொல்லிட்டாரு. ஓட்டலாம், ஆனா வலி இருக்குமாம் சாகற வரைக்கும்." எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன்.

"உங்க வீட்ல அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டனுங்க" என்றாள். "எனக்கும் ஒரு நாளு வருமுங்க்கா. உங்களுக்கு உதவற மாதிரி சங்கதி ஒண்ணு எனக்குத் தெரிய வரும். அன்னைக்கு நானும் சொல்லாம இருப்பேன்."

சரி என்றேன். அதைத் தவிர அவளிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவள் கதவைச் சாத்தாமல், நான் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.